புதுக் கல்லில் மூன்று சுற்று

ஏழுமலைக்கு, பழவேற்காட்டு ஏரிக்கரையிலிருந்து உன் நைனா எழுதுவது. கடிதம் என்றால் இங்கே எல்லோரும் நலம் என்று தொடங்கிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல்லை எழுத இந்த முறை எனக்குக் கை வரவில்லை. சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லி முடித்த பிறகு, அப்போதும் அதற்கு இடம் இருந்தால் எழுதுகிறேன். ஒல்லாந்தர் கோட்டையில் எழுத்து வேலை பார்ப்பவரிடம் கேட்டு நான்கு தாள் வாங்கி வந்தேன். "நாலு தாளா? புள்ளைக்குச் சொத்தா எழுதி வெக்கப் போற?" என்று கேலி செய்தார். ஒரு விதத்தில் அப்படித்தான் என்று சொல்லிவிட்டு வந்தேன். கண் மங்கிவிட்டது, வரி கோணினால் பொறுத்துக்கொள்.

போன மாதம் நீயும் மருமகளும் பொன்னேரியிலிருந்து பேரனைத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள் அல்லவா? இரண்டாம் நாள் காலையில் பிள்ளைக்கு வயிற்றில் காற்று அடைத்துக்கொண்டது. காலை மடக்கி மடக்கி வீறிட்டு அழுதான். நீ ஓம நீரைப் பாலாடைச் சங்கில் ஊற்றி வைத்தாய். உன் அம்மா பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு பாலாடையை எடுக்கக் கை நீட்டினாள். நீ எட்டி அதை எடுத்துக்கொண்டாய். "நீ வாணாம்மா. நைனா குடுக்கட்டும்" என்றாய். நீ கோபமாகச் சொல்லவில்லை. சூடான சட்டியைத் தொடப் போகும் குழந்தையை விலக்குவது போலத்தான் சொன்னாய். அவளும் பிள்ளையை என் மடிக்கு மாற்றிவிட்டு எழுந்து போனாள். நான் புகட்டினேன். பிள்ளை ஏப்பம் விட்டுச் சிரித்தான், நீங்களும் சிரித்தீர்கள். கொல்லைப் பக்கம் அவள் நண்டு எண்ணும் சத்தம் எனக்குக் கேட்டது. ஒண்ணு, ரெண்டு, மூணு என்று பதினாலு வரைக்கும் போனாள். பிறகு மறுபடி ஒண்ணிலிருந்து. அன்று அந்தப் பதினாலு நண்டுகளை அவள் நான்கு முறை எண்ணினாள்.

அவள் எதையும் இரண்டு முறை எண்ணுவது உனக்குப் பழகிப்போன வேடிக்கை. சின்ன வயதில் இடுப்பில் கந்தலைச் சுற்றிக்கொண்டு அவளைப் போலவே கிளிஞ்சல் எண்ணிக் காட்டுவாய், குப்பமே சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன். அவள் ஏன் அப்படி எண்ணுகிறாள் என்று உனக்குச் சொல்லப்பட்ட காரணம் எனக்குத் தெரியும். உனக்கு முன் கன்னிமா என்று ஓர் அக்கா இருந்தாள், எட்டு மாதத்தில் அவளுக்குப் பேதி கண்டது, உன் அம்மா எண்ணிக்கை தப்பி மருந்தை அதிகமாகக் கொடுத்துவிட்டாள், குழந்தை போய்விட்டது. உன் அத்தை சொல்ல நீ கேட்டிருப்பாய். இந்த வீட்டில் யாரும் அதை மறுத்து நீ கேட்டதில்லை. ஏழுமலை, அது பொய். அத்தையை வையாதே. விதை போட்டவன் நான், அவள் தண்ணீர் ஊற்றினாள், அவ்வளவுதான்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். அந்த நாளில் நான் கோட்டை மருந்தறையில் வேர் இடித்துக் கொடுக்கும் வேலை பார்த்துக்கொண்டே, ஏரியைச் சுற்றியிருக்கும் குப்பங்களுக்கு வைத்தியமும் பார்த்து வந்தேன். பேர் வந்த புதிது. ஆரம்பாக்கத்திலிருந்தும் காட்டூரிலிருந்தும் ஆள் வந்து அழைத்துப்போவார்கள். தலை கொஞ்சம் கனத்துத்தான் இருந்தது. பேதிக்கு அப்போது நான் வைத்திருந்தது அபினியும் சாதிக்காயும் மாசிக்காயும் சேர்த்து அரைத்து, உருட்டி, கல்லாகக் காய வைத்த மாத்திரை. பெரியவர்கள் ஒன்றை முழுசாக விழுங்கலாம். குழந்தைக்கு? கல்லில் இரண்டு சொட்டு தாய்ப்பால் விட்டு, மாத்திரையை இத்தனை சுற்று உரசி, விரலால் வழித்துப் பாலாடையில் கலந்து புகட்ட வேண்டும். நம்மவர்கள் எல்லோரும் செய்வது அதுதான். நிறுப்பதில்லை, முகப்பதில்லை. குழந்தை மருந்துக்கு அளவென்றால் சுற்றுக் கணக்குதான். சொல்ல எளிது, ஞாபகம் வைக்கவும் எளிது. எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்கும் விரல் விட்டு எண்ணத் தெரியும் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வோம்.

நம் ஊரில் மணலைத் தவிர வேறென்ன இருக்கிறது? கல்லென்றால் எங்கிருந்தாவது படகில் ஏறித்தான் வர வேண்டும். என் மருந்துக் கல் கருப்பு, உள்ளங்கை அகலம், பல வருடம் உரசி உரசி நடுவில் குழிந்து, தொட்டால் விரல் வழுக்கும். அது எப்போதும் என் பையில் இருக்கும். அந்த வருடம் ஒல்லாந்தர் கப்பல் ஒன்று சரக்கு ஏற்ற இடம் பண்ணுவதற்காக அடிபாரமாகப் போட்டிருந்த கற்களை முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் கொட்டிவிட்டுப் போனது. குப்பமே ஓடிப்போய்ப் பொறுக்கியது. வலைக்குக் கட்டச் சிலர், வாசலில் போடச் சிலர். நான் தட்டையாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து வந்தேன். சாம்பல் நிறம், சர்க்கரை போல மினுமினுப்பு, கை வைத்தால் தோல் உராயும். வீட்டுக்கு ஒரு மருந்துக் கல் ஆயிற்று என்று அடுப்பு மூலையில் வைத்தேன். ஒரு நாளும் அதில் எதையும் உரசிப் பார்க்கவில்லை.

கன்னிமாவுக்குப் பேதி கண்ட அன்று காலை எனக்கு ஆரம்பாக்கத்திலிருந்து ஆள் வந்தது. பெரிய வீடு. போகாமல் இருந்தால் பேர் கெட்டுவிடும் என்று நினைத்தேன். குழந்தைக்குப் பேதி பெரிதாக இல்லை, ஒரு வேளை மருந்தில் நின்றுவிடும். ஒரு மாத்திரையை உன் அம்மாவிடம் கொடுத்து, "வெயில் ஏறினதும் மூணு சுத்து ஒரசிப் புகட்டு" என்றேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடத்தில் கால் வைத்துவிட்டேன். அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தண்ணீர் ஓரம் வரைக்கும் வந்தாள். "யோவ், கல்லு உன் பையிலே கீதே. நான் எதுல ஒரசறது?" என்று கேட்டாள். நான் திரும்பிப் பார்த்து, "அடுப்பாண்ட புதுசு கீதுல்ல, அதுல ஒரசு. கல்லு எல்லாம் கல்லுதான்" என்றேன். இருபத்தாறு வருடமாக என் காதில் இருப்பது அந்த என் குரல்தான். அவள் கேட்டாள், ஏழுமலை. அறிவாளி நான் யோசிக்காததை அவள் கேட்டாள்.

மறுநாள் சாயங்காலம் நான் திரும்பும்போது வாசலில் கூட்டம். மருந்து புகட்டின கொஞ்ச நேரத்தில் குழந்தை தூங்கியிருக்கிறது. பேதியில் சோர்ந்த பிள்ளை, நன்றாகத் தூங்கட்டும் என்று அவளும் விட்டிருக்கிறாள். பாலுக்கும் எழவில்லை. மூச்சு இழுத்து இழுத்து, இடைவெளி விட்டு விட்டு வந்திருக்கிறது. உதடு கறுத்திருக்கிறது. என்னைக் கூப்பிட அனுப்பிய ஓடம் எதிர்க்காற்றில் மாட்டிக்கொண்டது. நான் வந்தபோது கன்னிமா உயிர் போய்ப் பாயில் கிடந்தாள், கண்ணில் பாதி இமை திறந்திருந்தது. கண்மணியின் நடுப்புள்ளி ஊசிக்குத்து அளவுக்குச் சுருங்கியிருந்தது. பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, அபினி மிஞ்சிப்போயிருக்கிறது. அத்தனை பேர் முன்னால் நான் உன் அம்மாவிடம் கேட்ட முதல் கேள்வி, "எத்தினி சுத்து ஒரசினே?"

"மூணு தான்யா. நீ சொன்ன மாதிரி மூணு."

"மூணுக்கு இப்டி ஆவுமா? எண்ணக்கூடத் தெரியாதா உனக்கு?"

அவள் மூன்று விரலைக் காட்டிக்கொண்டே இருந்தாள். அந்த விரல்களை அவள் மடக்கவேயில்லை. உன் அத்தை மார்பில் அடித்துக்கொண்டு, "எண்ணத் தெரியாதவ கையில மருந்தைக் குடுத்துட்டுப் போனியேடா" என்று அழுதாள். அன்றிலிருந்து குப்பத்தில் அது ஊரறிந்த உண்மை ஆயிற்று. பெற்ற பெண்ணைப் புதைத்த மறுவாரமே அவள் பக்கத்து வீட்டுக் குழந்தைக்குச் சோறு ஊட்டப் போனாள், அந்தத் தாய் பிள்ளையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். முதலில் சில நாள் மூணு தான், மூணு தான் என்று சத்தியம் பண்ணினாள். பிறகு சத்தியம் நின்றது. ஒரு நாள் அவளாகவே வந்து, "கொயந்த அய்துனே இருந்துச்சு. நாலு சுத்திட்டேனோ இன்னாவோ, இப்ப எனக்கே தெரியல" என்றாள். நான் அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. அப்போது எனக்கு உண்மையிலேயே தெரியாது. அது வரைக்கும் என் குற்றம் தெரியாமல் செய்த குற்றம்.

நான்கு மாதம் கழித்துத் தெரிந்தது. வலை இழுக்கும்போது தோள் பிசகின ஒருவர் வீட்டுக்கு வந்தார். பூசுவதற்கு வேர் ஒன்றை உரசிக் கொடுக்க வேண்டும். பழைய கல்லில் வேறு மருந்து ஊறிக்கொண்டிருந்ததால் அந்தப் புதுக் கல்லை இழுத்துப் போட்டேன். தண்ணீர் தெளித்து இரண்டு சுற்றுச் சுற்றினேன். கல்லில் குழம்பு போல மருந்து திரண்டு நின்றது. என் கல்லில் பத்து சுற்றுக்கும் அப்படி வராது. கை அப்படியே நின்றுவிட்டது. வந்தவர், "இன்னா வைத்தியரே, வேர்த்துக் கொட்டுது உமக்கு" என்று கேட்டார்.

மறுநாள் இரண்டு கல்லையும் மடியில் கட்டிக்கொண்டு கோட்டைக்குப் போனேன். அங்கே ஒல்லாந்து வைத்தியரிடம் சின்னத் தராசு ஒன்று உண்டு, கடுகு போன்ற பித்தளை எடைகள் வைத்திருப்பார். அவர் ஒரு முறை நிறுப்பார், பிறகு தாம் கண்ட எடையைச் சொல்லாமல் அடுத்தவரை அழைத்து மறுபடி நிறுக்கச் சொல்வார். இரண்டும் ஒத்துப்போனால்தான் மருந்து வெளியே போகும். ஒரு சிட்டிகைப் பொடிக்கு இரண்டு ஆளா என்று நாங்கள் முதுகுக்குப் பின்னால் சிரிப்போம். அன்று அவர் இல்லாத நேரம் பார்த்து அந்தத் தராசை எடுத்தேன். ஒரு மாத்திரையை நிறுத்தேன். என் கல்லில் முப்பது சுற்று உரசி, காயவிட்டு, மறுபடி நிறுத்தேன். மூன்று நெல் எடை குறைந்திருந்தது. இன்னொரு மாத்திரையை எடுத்துப் புதுக் கல்லில் முப்பது சுற்று. பன்னிரண்டு நெல்லுக்கும் மேல் குறைந்திருந்தது. தப்பாக இருக்கட்டும் என்று சாமியை வேண்டிக்கொண்டு மூன்று முறை செய்து பார்த்தேன். மூன்று முறையும் அதேதான் வந்தது. உன் அம்மா மூன்று சுற்றுதான் உரசியிருக்கிறாள். அந்த மூன்று சுற்றில் என் கணக்குக்குப் பன்னிரண்டு சுற்று மருந்து குழந்தைக்குப் போயிருக்கிறது.

அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் கரைக்கு வந்தேன். நீர் வற்றிய நேரம். அவள் மார்பளவுத் தண்ணீரில் கழுத்தில் பறிக்கூடையைக் கட்டிக்கொண்டு, சேற்றில் கை விட்டு இறால் தடவிக்கொண்டிருந்தாள். நான் கரையில் நின்றேன். வெகு நேரம் நின்றிருக்க வேண்டும். அவள் நிமிர்ந்து, முகத்துத் தண்ணீரை வழித்துவிட்டு, "இன்னாயா, அங்க வந்து நிக்கிற?" என்று கேட்டாள். வாய் வரைக்கும் வந்தது. கல்லு எல்லாம் கல்லுதான் என்று சொன்ன வைத்தியனை இனி எந்த வீடு கூப்பிடும் என்ற எண்ணமும் கூடவே வந்தது. "பசிக்குது" என்றேன். அவள் பாதி நிறைந்த பறியோடு கரையேறி வந்து எனக்குச் சோறு போட்டாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். அன்று இரண்டும் ஒரே வீட்டில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தன, நான் சாப்பிட்டேன்.

இதைவிட மோசம் ஒன்று இருக்கிறது, அது உன்னைப் பற்றியது. உனக்கு இரண்டு வயது. நான் கோட்டையில் இருந்தேன். உனக்கு வாந்தியும் பேதியும். வீட்டில் மருந்து இருந்தது, அதற்குள் நான் குழந்தைகளுக்கு அபினியை அடியோடு விட்டிருந்தேன், அது வெறும் சுக்கும் மாதுளைத் தோலும்தான். அவள் உரசிப் புகட்டியிருக்கலாம். புகட்டவில்லை. உன்னையும் மருந்தையும் கல்லையும் தூக்கிக்கொண்டு ஓடத்தில் வந்து, கோட்டை வாசலில் உச்சி வெயிலில் நின்றாள். காவல்காரன் உள்ளே விடவில்லை. அவன் மொழி அவளுக்குப் புரியாது, அவள் மொழி அவனுக்குப் புரியாது. எனக்குச் செய்தி வந்து நான் ஓடிவரும்போது உன் கண் செருகியிருந்தது, நாக்கு வறண்டிருந்தது. அவள் கல்லை என்னிடம் நீட்டி, "நீயே ஒரசுயா. என் கை வாணாம்" என்றாள். நான் அந்த வாசலிலேயே உட்கார்ந்து உரசிப் புகட்டினேன். கஞ்சித் தண்ணீரும் உப்பும் துளித்துளியாக விட்டோம், நீ பிழைத்தாய். குப்பத்தில் எல்லோரும் என் கையைப் புகழ்ந்தார்கள். அவள் கைதான் சரியாக எண்ணிய கை என்று தெரிந்த ஒரே ஆள் நான், அந்தப் புகழை வாங்கி வைத்துக்கொண்டேன். நான் மூடி வைத்த உண்மை அன்று உன்னையும் கொண்டுபோகப் பார்த்தது, மகனே.

இப்போது நீயும் குழந்தை வைத்தியம் பார்க்கிறாய். பொன்னேரியில் உனக்கு நல்ல பேர் என்று கேட்கும்போது நெஞ்சு நிறைகிறது, அடுத்த மூச்சில் பயமும் வருகிறது. போன மாதம் நீ தூங்கும்போது உன் மருந்துப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். பெரியவர் மாத்திரையை நகத்தால் நாலாகக் கிள்ளி வைத்திருக்கிறாய். கிள்ளின துண்டுகளைக் கோட்டைத் தராசில் போட்டுப் பார்த்தவன் நான். ஒன்று மற்றொன்றைப் போல இருந்ததில்லை. ஒரு துண்டில் பாதி மாத்திரை இருக்கும், இன்னொன்றில் அரைக்கால்தான் இருக்கும். கண்ணுக்கு எல்லாம் ஒன்றாகத்தான் தெரியும். பெரியவர் உடம்பு அந்த வித்தியாசத்தைத் தாங்கிக்கொள்ளும். கைப்பிடி எடையுள்ள பிள்ளைக்கு அந்த வித்தியாசம்தான் உயிர். மாத்திரையைக் கிள்ளாதே. முழு மாத்திரையை மாவாகப் பொடித்து, அளந்த தேனில் ஒரே சீராகக் குழைத்து, அதில் ஒரு பங்கை அளந்து எடு. தேன் கெட்டியாக மருந்தைப் பிடித்துக்கொள்ளும். வளர்ந்த பிள்ளைகளுக்கு மட்டும் தேன், வருடம் திரும்பாத பிள்ளைக்கு வேறு எதிலாவது குழை. தண்ணீரில் கரைத்தால் ஒவ்வொரு முறையும் கலக்கு, பொடி அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். காலையில் கொடுத்ததில் வெறும் தண்ணீரும் சாயங்காலம் கொடுத்ததில் மொத்த மருந்தும் போகும்.

வயதைக் கேட்டு அளவு சொல்லாதே, பிள்ளையைக் கையில் தூக்கிப் பார்த்துச் சொல். எந்தத் தாயிடமும் இத்தனை சுற்று என்று சொல்லியனுப்பாதே. எந்தக் கல், யார் கல், எவ்வளவு தேய்ந்தது என்று உனக்குத் தெரியுமா? ஒரு பாலாடையைக் கொடு, அதில் கோடு கிழித்துக் கொடு. மிஞ்சினால் எப்படித் தெரியும் என்பதையும் சொல்லிக் கொடு. தூக்கம் நல்லது என்று உன் அம்மா நினைத்ததற்குக் காரணம், எந்தத் தூக்கம் கெட்டது என்று நான் சொல்லவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, யாராவது படிக்காத பெண்பிள்ளை உன்னிடம் ஒரு கேள்வி கேட்டால், ஓடத்தில் வைத்த காலை எடுத்துவிட்டு நின்று பதில் சொல். அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்று ஊருக்கெல்லாம் சொன்ன வாய் இது. அளவு எதுவென்று கேட்டவளுக்கு அது பதில் சொல்லவில்லை.

இது வரைக்கும் எழுதினது ஆறு நாளைக்கு முன்னால். இந்தத் தாள்களை உனக்கு அனுப்பிவிட்டு, அவளுக்குத் தெரியாமலே இருந்துவிடலாம் என்றும் ஒரு நப்பாசை இருந்தது, மறைக்க மாட்டேன். மறைத்து மறைத்து ஓய்ந்துவிட்டேன். மறுநாள் காலையில் அவள் ஏரியிலிருந்து வந்ததும் உட்கார வைத்து, எழுதினது முழுவதையும் படித்துக் காட்டினேன். பெட்டி அடியில் துணியில் சுற்றி வைத்திருந்த அந்தப் புதுக் கல்லையும் என் பழைய கல்லையும் எடுத்து அவள் முன்னால் வைத்தேன். கேட்டு முடித்தாள். எழுந்து போய் அடுப்பை மூட்டினாள். அன்றும் அடுத்த மூன்று நாளும் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. தட்டில் சோறு வைத்துவிட்டுப் போய்விடுவாள். நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் கொடுத்துவிடுவாளோ என்று பயமாக இருந்தது, அதை வாங்கிக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை.

ஐந்தாம் நாள் அவளே இரண்டு கல்லையும் எடுத்துக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். கையில் ஒரு துண்டு வசம்பு. நான் சொன்னதை அப்படியே நம்பிவிட அவள் தயாராக இல்லை, அது நியாயம்தானே. பழைய கல்லில் தண்ணீர் தெளித்து, வாய்விட்டு எண்ணி, மூன்று சுற்று உரசினாள். புதுக் கல்லில் தண்ணீர் தெளித்து மூன்று சுற்று உரசினாள். ஒரு விரலால் இதை வழித்தாள், இன்னொரு விரலால் அதை வழித்தாள். இரண்டு விரலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அப்போ நான் மூணு தான் ஒரசுனேனா?" என்று கேட்டாள்.

"மூணு தான்."

"இத்தினி வருசம் நாலுனே நெனச்சுக்கினு இருந்தேன்யா."

அப்புறம் அழுதாள். கன்னிமா போன அன்று அழாத அழுகை. அன்று அவளை யாரும் அழ விடவில்லை, எத்தனை சுற்று எத்தனை சுற்று என்று கேட்டுக்கொண்டே இருந்தோம். நான் கிட்டப் போகவில்லை. அழுது முடித்ததும் கல் இரண்டையும் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். என்னைப் பார்த்து, "புள்ளைக்கு எய்திட்டியா? அனுப்பு" என்றாள். உன் அத்தையிடம் நேற்று நானே போய்ச் சொல்லிவிட்டேன். குப்பத்தில் வலை காயப்போடும் இடத்தில் நாலு பேர் இருக்கும்போது சொன்னேன். இனி என்னைக் கூப்பிடுகிறவர்கள் கூப்பிடட்டும்.

நீ அமாவாசைக்கு வருவதாகச் சொல்லியனுப்பினாய். வா. மருமகளையும் பேரனையும் கூட்டிக்கொண்டு வா. பிள்ளைக்கு மருந்து கொடுக்க வேண்டி வந்தால் பாலாடையை உன் அம்மா கையில் கொடு. பரிகாரம் என்று நினைத்துக் கொடுக்காதே, கண்ணைத் துடைத்துக்கொண்டு கொடுக்காதே, சும்மா கொடு. அவள் புகட்டும்போது நீ பக்கத்தில் இருந்து அளவைப் பார். நீ புகட்டும்போது அவள் பார்க்கட்டும். நாம் சிரித்த அந்த ஒல்லாந்து வைத்தியரின் வழக்கம் இந்த வீட்டில் இனி எல்லோருக்கும் பொது. எனக்கும்தான்.

இன்று காலை அவள் நண்டு கொண்டுவந்தாள். கால்களைக் கோரையால் கட்டி ஒவ்வொன்றாகக் கூடையில் போட்டாள். பதினெட்டு என்றாள். நான் உள்ளே தாளை வைத்துக்கொண்டு, மறுபடி ஒண்ணு என்று தொடங்குவாள் என்று காத்திருந்தேன். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு அவள் கிளம்பிப் போய்விட்டாள்.

உன் அம்மா நலம்.